ஊருக்கெல்லாம் ஒரு முகம்

மாதா கோயில் பக்கவாசலில் பிபிங்கா என்கிற அரிசிமாவு அப்பம் சுட்டு விற்கும் பிபியானா தக்குயான் தன் முகத்தை விற்கிறாள் என்று சான் டிமாஸ் என்ற பிலிப்பைன்ஸ் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. கிறிஸ்மஸ் தோரணங்களைக் கூட அப்போது யாரும் அவிழ்த்திருக்கவில்லை. விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. மீன் காயப்போடும் தட்டிகளுக்கு அந்தப் பக்கம் ஐந்து பேசோ என்றார்கள், இந்தப் பக்கம் ஒரு கிலோ அரிசி என்றார்கள். வாடகை ட்ரைசிக்கிள் நிறுத்தத்தில் இன்னும் விவரமாகவே சொன்னார்கள். அந்த முகத்தை அச்சாக வைத்து எங்கோ ஒரு கம்பெனி பொம்மை செய்கிறதாம்.

யார் முதலில் சொன்னது என்று தேடிப் போனால் எல்லோருமே இன்னொருவர் சொல்லக் கேட்டவர்கள். தேடல் கடைசியில் பிபியானாவின் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில் போய் நின்றது. அங்கே கோழிக்குடலைக் குச்சியில் குத்திச் சுடுகிற ஓபெங் விசிறியை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"விக்கிறாளா? காசு குடுத்து வாங்குற மூஞ்சியா அது? கேக்குற பிள்ளைக்கெல்லாம் சும்மா குடுத்துட்டிருக்கா."

ஓபெங் சொல்வதில் பாதி வயிற்றெரிச்சல், மீதி உண்மை. இந்த முறை உண்மைப் பாதி கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பிபியானாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. அல்லது அறுபத்தொன்று. அவள் அப்பா பிள்ளை பிறந்ததைப் பதிவு செய்யப் போனது, அது நடக்கவும் பேசவும் தொடங்கிய பிறகு. இளவயதில் ஒரு மாலுமி கட்டிக்கொள்வதாகச் சொல்லிக் கப்பலேறினான். கப்பல் திரும்பி வந்தது. அதன் பிறகு அவள் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை, கப்பலைப் பற்றியும் பேசவில்லை.

ஆனாலும் ஊரில் அவளைவிடப் பிள்ளை பெருத்தவள் கிடையாது. அவள் வீட்டுச் சுவரும் கோயிலின் பக்கவாசலும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞானத்தாய் வேண்டும். ஏற்பாடு செய்த ஞானத்தாய் இலோயிலோ நகரத்தில் ஜீப்னி வண்டிக்குக் காத்துக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் முந்தின இரவு பிள்ளையின் அப்பனோடு சண்டை போட்டு முறுக்கிக்கொண்டிருப்பாள். சாமியாருக்கு அடுத்த ஊரில் இன்னொரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும். "பிபிங்காக்காரியைக் கூப்பிடு" என்பார். பிபியானா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தேங்காய்ப்பால் கருகிய வாசனையோடு வந்து, மெழுகுவர்த்தி பிடித்து, பிள்ளைக்காகச் சாத்தானைத் துறந்து, அடுப்பில் இருக்கிற மாவு தீய்வதற்குள் திரும்பிவிடுவாள். சாத்தானை அவள் அளவுக்குத் துறந்தவர்கள் ஆயர் வீட்டில்கூட இருக்க மாட்டார்கள்.

நினாங் என்று அழைக்கப்படுகிற இந்த ஞானத்தாய் உத்தியோகம் மெழுகுவர்த்தியோடு முடிவதில்லை. பாதிப் பிள்ளைகளின் தாய்மார் தோஹாவிலும் ஹாங்காங்கிலும் வேறு யாருடைய பிள்ளைக்கோ சோறூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தில் கூட்டமென்றால் நினாங், பல்வலி என்றால் நினாங். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிறிஸ்மஸ். அன்று ஞானப்பிள்ளைகள் வரிசையாக வந்து நினாங்கின் புறங்கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, காசு வைத்த உறைக்காகக் காத்து நிற்பார்கள். ஊரிலுள்ள நினாங்மார் அன்றைக்குப் பார்த்துத்தான் தாய்வீட்டுக்குப் போவார்கள். ஒருத்தி கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்து, தும்மி, பிடிபட்டாள்.

அந்த வருஷம் டிசம்பர் புயலில் தென்னைகள் சாய்ந்தன. தேங்காயும் அரிசியும் ஏறின ஏற்றத்தில் பிபியானாவின் கையில் ஒன்றும் தங்கவில்லை. பூசை முடிந்ததும் வாழ்நாளில் முதன்முறையாகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். ஜன்னலடியில் கென்ரிக் வந்து நின்றான். பதின்மூன்று வயது, அம்மா துபாயில்.

"நினாங், உள்ள இருக்கீங்கன்னு தெரியும். அடுப்பு வாசனை வருது."

உள்ளே அடுப்பு விசிறும் சத்தம் நின்றது.

"காசெல்லாம் வேணாம் நினாங். மூஞ்சி மட்டும் காட்டுங்க, போதும்."

தாழ் திறந்தது.

விஷயம் இதுதான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் போனில் 'இஸ்லா' என்று ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். ஆளுக்கொரு தீவு. அதில் மரம் நடலாம், வீடு கட்டலாம், அடுத்தவன் தீவுக்குப் போய் அரட்டையடிக்கலாம். அந்த மாதம் இஸ்லா எல்லோரிடமும் வயது கேட்க ஆரம்பித்திருந்தது. வாயால் சொன்னால் நம்பாதாம், கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டுமாம். முகம் சின்னதாக இருந்தால் சின்னப் பிள்ளைக் கணக்கு. அதில் தெரியாதவர்களோடு பேச முடியாது, பாதி வாசல்கள் சாத்தியிருக்கும். பெற்றவர்கள் அனுமதி தர ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்கு அம்மாவின் அடையாள அட்டை வேண்டும், அது அம்மாவோடு விமானம் ஏறிவிட்டது. கென்ரிக் அதைவிடச் சுருக்கமான வழி கண்டுபிடித்தான். கணக்கே ஒரு பெரியவருடையது என்று சொல்லி, ஒரு பெரியவர் முகத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

பிபியானாவுக்கு இந்த நுணுக்கம் தெரியாது. பிள்ளையின் தாய் இல்லாத இடத்தில் நினாங் நின்று சம்மதம் சொல்கிறாள், அவ்வளவுதான் அவள் கணக்கு. பக்கவாசலில் இத்தனை வருஷமாகச் செய்ததும் அதுதானே. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படிக்கவும் வழியில்லை. கேமராவுக்குக் கண்ணாடி ஆகாது, கழற்றச் சொல்லும். கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்கு எழுத்தும் எறும்பும் ஒன்று. இடப்பக்கம் திரும்பு என்றார்கள், திரும்பினாள். வலப்பக்கம் என்றார்கள், திரும்பினாள். சிமிட்டு என்றதும் சிமிட்டினாள். பச்சை வட்டம் வந்தது.

"என்னடா சொல்லுது?"

"அறுபத்தாறு வயசுக்கு மேலன்னு சொல்லுது நினாங்."

இந்தக் கதையில் வருகிற எல்லாத் தவறுகளையும் பிபியானா பிற்பாடு மன்னித்தாள், இதைத் தவிர.

செய்தி தெருவில் பரவ, மதியத்துக்குள் வரிசை கோயில் முற்றம் வரை நீண்டது. செலவில்லாத கிறிஸ்மஸ். வந்த பிள்ளை எதுவும் வெறுங்கையோடு போகவில்லை, ஆளுக்கொரு முகம் வாங்கிக்கொண்டு போனது. ஒரே முகம் இத்தனை தடவை வருகிறதே என்று அந்த இயந்திரத்துக்குச் சந்தேகம் வரவில்லை. சாமியாருக்கும்தான் வந்ததில்லை. அன்றிரவு பிபியானா நிம்மதியாகத் தூங்கினாள். இஸ்லாவில் ஒரே நாளில் ஒரு பெரிய கூட்டம் கிழவிகள் குடியேறியிருந்தார்கள், எல்லோருக்கும் பால்பற்கள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் ஆயெஸா வந்தாள். பதினொரு வயது. அம்மா மாரிவிக் தோஹாவில் வீட்டுவேலை. பிள்ளை ட்ரைசிக்கிள் ஓட்டுகிற மாமா நொனோய் வீட்டில் வளர்கிறது. பிபியானாவின் ஞானப்பிள்ளைகளில் அதிகம் பேசாதவள். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று போனை நீட்டினாள்.

"நினாங், இன்னொரு தடவை மூஞ்சி."

"போன தடவை குடுத்தது என்னாச்சு, கரைஞ்சு போச்சா?"

தனியாகப் பேசுகிற அறைக்குப் போக மறுபடி கேட்கிறதாம். பிபியானா கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தாள். பிபிங்காவுக்குக் கீழேயும் கரி, மேலே தகர மூடியிலும் கரி. காற்று திரும்பிப் புகை முழுதும் கேமராவுக்கு வந்தது. முகம் தெரியவில்லை, நகர்ந்து நில் என்று போன் கத்தியது. கண்ணில் நீர் வழிய அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. நான்கு விரல் தூரத்தில், கண்ணாடி போட்ட கண்ணுக்கு முன்னால்.

திருவிழாவுக்கு வரும்போது மஞ்சள் கேட்டுக்கு எதிரில் நிற்கிறேன், மாமாவிடம் சொல்லாதே என்று இருந்தது.

சான் டிமாஸில் மஞ்சள் கேட் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துடையது.

பிபியானா போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள். மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அவன் கப்பல் இன்ஜினியராம். இஸ்லாவில் இவளுக்கு ஒரு படகு பரிசு கொடுத்திருக்கிறான். அவனுக்கும் இதே வயதில் மகள் இருக்கிறாளாம். நீ நிஜமாகவே சின்னப் பெண்தானா, பள்ளிச் சீருடையில் ஒரு படம் அனுப்பு என்று கேட்டிருக்கிறான். அனுப்பியிருந்தாள். சட்டைப்பையில் பள்ளியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. இப்போது கேட்பது வேறு மாதிரிப் படங்கள். அதற்குத்தான் தனி அறை.

தட்டில் ஒரு பிபிங்கா கருகிக்கொண்டிருந்தது. ஓபெங் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிபியானா கோபப்படவில்லை. அவளுக்குக் கோபம் வர நேரமெடுக்கும், வந்தால் போகவும் நேரமெடுக்கும்.

"இன்னும் எதாவது அனுப்பினியா இந்தாய்?" என்று மகளை அழைப்பதுபோல் கேட்டாள்.

இல்லை என்று ஆயெஸா தலையாட்டினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகையில் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மாமாகிட்ட சொல்லாதீங்க நினாங். போனைப் புடுங்கிருவாரு. போன் போச்சுன்னா எங்கம்மா எங்க வருவாங்க?"

பிபியானா கருகிய பிபிங்காவைத் தட்டோடு இறக்கினாள். கருகாத ஓரமாகப் பார்த்துக் கிள்ளி ஒரு துண்டு கொடுத்தாள்.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு பிபியானா வந்ததும் ஓபெங் யோசனை சொன்னாள். ஓபெங்கின் யோசனைகள் எப்போதும் நடைமுறைக்கு ஒத்துவரும், அதுதான் அவற்றிலுள்ள ஆபத்து. அந்த ஆளைப் போனிலிருந்து அழித்துவிடு, பிள்ளையிடம் சத்தியம் வாங்கு, வாயை மூடிக்கொள். வெளியே சொன்னால் முதல் கேள்வி யார் முகம் என்றுதான் வரும்.

"ஊரே உன்னை அடுப்புல வைக்கும்டி. மேலயும் நெருப்பு, கீழயும் நெருப்பு."

வாஸ்தவம்தான். பிபியானா அதை நன்றாக யோசித்துப் பார்த்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அழித்துவிட்டால் அந்த ஆள் இந்தத் திரையிலிருந்து போவான். ஆனால் பள்ளியின் பெயர் அவனிடம் இருக்கிறது, பிள்ளையின் முகமும் இருக்கிறது, மஞ்சள் கேட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. திருவிழாவுக்கு ஒரு மாதம். அடுப்பை அணைத்துவிட்டு மாரிவிக்கைக் கூப்பிட்டாள்.

பிள்ளையின் தாயும் நினாங்கும் ஒருவரையொருவர் மாரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். சம்பந்திக்கும் சகோதரிக்கும் நடுவில் ஒரு உறவு அது.

"மாரே, ஒண்ணு சொல்லணும். திட்டறதா இருந்தா கடைசியில திட்டு. நடுவுல திட்டினா மறந்துருவேன்."

சொன்னாள். முகம் கொடுத்ததிலிருந்து புகை வந்தது வரை, எதையும் விடவில்லை. தோஹாவில் யாருடைய வீட்டுக் குழாயோ ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"உன் மூஞ்சிய நம்பித்தான் மாரே பிள்ளைய விட்டுட்டு வந்தேன்," என்றாள் மாரிவிக்.

அதற்கு மேல் எந்தத் திட்டும் தேவைப்படவில்லை. பிபியானா போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். மாரிவிக் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவள் குரல் மாறியது. நாலு பிள்ளைகளுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டே எஜமானியிடம் சம்பளம் பேசுகிற குரல்.

"அண்ணன்கிட்ட நான் பேசுறேன். போன் அவகிட்டதான் இருக்கணும், தொடக்கூடாதுன்னு சொல்றேன். நீ நாளைக்கே போலீசுக்குப் போ. கூட நீதான் நிக்கணும். ஓடிராத."

காவல் நிலையத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான மேசை ஜன்னலோரம் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி வயதில் சின்னவள், பெயர் கார்ப்பரல் தும்பாகா. ஆயெஸாவுக்கு முதலில் ஒரு பாட்டில் ஜூஸ் வாங்கிவரச் சொன்னாள். எதையும் அழிக்காமல் வந்தது நல்லது என்றாள். ஒவ்வொரு வரியையும் படமெடுத்தாள். பிறகு கணக்கின் விவரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"நாங், இதுல இருக்கிறது நீங்க," என்றாள், மூத்தவளை அழைக்கிற மரியாதையோடு.

"ஆமா."

"கம்பெனி கணக்குப்படி, அவன் பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல படம் அனுப்பச் சொன்னது உங்களை."

பிபியானா சிரிக்கவில்லை. ஆயெஸாதான், ஜூஸ் மூக்கில் ஏற, முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதிகாரி விளக்கினாள். கம்பெனியைப் பொறுத்தவரை ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரோடு பேசியிருக்கிறார், அவ்வளவுதான். சின்னக் கணக்காக இருந்திருந்தால் தெரியாத ஆளின் செய்தி வாசலிலேயே நின்றிருக்கும். பாதிக்கப்பட்டது குழந்தை என்று காட்ட வேண்டுமானால், காட்டியது பொய் முகம் என்று பிபியானா எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் கம்பெனி அவள் முகமுள்ள எல்லாக் கணக்கையும் இழுத்துப் பார்க்கும். எத்தனை இருக்கும் என்று கேட்டாள்.

பிபியானா விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, கை போதாமல் நிறுத்திக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்தாள். வயது என்ற இடத்தில் ஐம்பத்தொன்பது என்று அழுத்தி எழுதினாள்.

நொனோய் கையை ஓங்கத் தெரிந்த மனிதன்தான். ஆனால் தோஹாவிலிருந்து தங்கை பேசிய பேச்சில் அந்தக் கை இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அவன் தன் ட்ரைசிக்கிளைச் சந்தை நிறுத்தத்தில் போடாமல் மஞ்சள் கேட்டுக்கு எதிரில் போட்டான். சங்கத்து ஆட்கள் காரணம் கேட்டார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் ஏதோ சொல்லிவைத்தான். ரெண்டு நாளில் நிறுத்தமே அங்கே மாறிவிட்டது. பள்ளி விடுகிற நேரத்தில் எட்டுப் பத்து ட்ரைசிக்கிள்கள், டிரைவர்கள் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்து, அந்தப் பக்கம் வருகிற ஒவ்வொரு வெளியூர் முகத்தையும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார்கள். ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

இதற்கு நடுவே இன்னொன்றும் தெரிந்தது. ஆயெஸாவின் அம்மா வெளிநாட்டில் இருப்பதை அந்த ஆள் தெரிந்துகொண்டது பிள்ளை சொல்லி அல்ல. பராங்காய் என்கிற ஊர் வார்டின் கவுன்சிலர் ரெமிஜியோ ஊரிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இணையத்தில் பிறந்தநாள் வாழ்த்துப் போடுவார். பெயர், வயது, எந்த வகுப்பு, அம்மா எந்த நாட்டில் என்று அதில் எல்லாம் இருக்கும். பிள்ளையின் படம் தபால்தலை அளவு, கவுன்சிலர் படம் கதவு அளவு. பிபியானா பராங்காய் அலுவலகத்துக்குப் போய், சூடான பிபிங்கா ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, வாழ்த்திலிருந்து பிள்ளைகளை எடுத்துவிடச் சொன்னாள். ஓட்டுப் போடுகிற வயதுக்கு வராதவர்களால் என்ன பயன் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். எடுத்துவிட்டார். இப்போது வாழ்த்தில் அவர் படம் மட்டும் வருகிறது. யாரும் எதுவும் குறைந்ததாகச் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது பிள்ளைகள். கம்பெனி தானாக இழுத்து மூடுவதற்கு முன்னால் அவர்களாகவே போய் உண்மை வயதைச் சொன்னால், தீவு தப்பலாம் என்று கார்ப்பரல் தும்பாகா சொல்லியிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பிபியானா எல்லோரையும் பக்கவாசலில் கூட்டினாள். பாதிப் பேர் கையை நீட்டியபடியே வந்தார்கள்.

"கிறிஸ்மஸுக்கு நான் குடுத்தது ஊசிப்போன பண்டம்," என்றாள். "தின்னவன் வாந்தியெடுக்குறதுக்குள்ள திருப்பி வாங்கிக்கிறேன்."

என்ன நடந்தது என்று சொன்னாள். யாருக்கு என்று சொல்லவில்லை. யாரு நினாங், யாரு நினாங் என்று துளைத்தார்கள்.

"பேரு கேக்குறவனுக்கு பிபிங்கா கிடையாது."

கூட்டம் அடங்கியது. ஆயெஸா முன்வரிசையில் எல்லோரையும் போலவே யாராக இருக்கும் என்று யோசிக்கிற முகத்தோடு நின்றாள். முணுமுணுப்பும் ஒப்பாரியுமாகப் பிள்ளைகள் கலைந்தன. அந்த வாரமே, கென்ரிக்கைத் தவிர, ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்த முகத்தைக் காட்டிச் சின்னவர்கள் ஆயின. ஏழு வயதுப் பொடியன் ஒருவன் மட்டும், நினாங்கைவிடத் தன் முகத்துக்குத்தான் பச்சை வட்டம் சீக்கிரம் வந்தது என்று பெருமையடித்துக்கொண்டான்.

எதிர்பாராதது வேறு ஒன்று. அடுத்த சில நாட்களில் ரெண்டு பெண்பிள்ளைகள், தனித்தனியாக, ஆளுக்கொரு பிபிங்கா வாங்கி, தின்று முடித்த பிறகும் போகாமல் நின்றார்கள். பிபியானா எதுவும் கேட்கவில்லை, விசிறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர்களாகவே போனை நீட்டினார்கள். அதே கப்பல், அதே மகள், அதே படகு. பிபியானா ஏப்ரனை அவிழ்த்துவிட்டு, ஓபெங்கிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மறுபடி அந்த ஜன்னலோர மேசைக்குப் போனாள். ஓபெங் பார்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கருக்கினாள், ஆனால் அணையாமல் பார்த்துக்கொண்டாள்.

இஸ்லா கம்பெனிக்குக் கார்ப்பரல் எழுதிய புகாருக்கு, உங்கள் அக்கறை எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று உடனே பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடியும் முக்கியம் என்று வந்தது. மூன்று பிள்ளைகளின் போனிலிருந்தும் எடுத்த செய்திகளின் படங்களைச் சேர்த்து, நகரத்து சைபர் பிரிவின் முத்திரையோடு போன பிறகுதான், பெயர் உள்ள ஒரு மனிதர் பதில் எழுதினார். அந்த ஆளின் கணக்கு முடக்கப்பட்டது, அவன் எங்கிருந்து பேசினான் என்ற விவரம் போலீசுக்குப் போயிற்று. அவன் இன்ஜினியரும் இல்லை, கப்பலும் இல்லை. நிஜமான பக்கத்துத் தீவு ஒன்றில் உட்கார்ந்து வேறு ரெண்டு பள்ளிக்கூடங்களிலும் இதையே செய்துகொண்டிருந்தான். வழக்கு நகரத்துக்குப் போயிருக்கிறது. வழக்குகள் நடக்கிற வேகத்தில் அதுவும் நடக்கிறது. ஆனால் ஆள் உள்ளே இருக்கிறான்.

மார்ச் கடைசியில், இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனான சான் டிமாஸின் திருவிழா வந்தது. ஆயெஸா பேண்டு வாத்தியத்தில் ஸைலஃபோன் வாசித்தபடி மஞ்சள் கேட்டைத் தாண்டி ஊர்வலமாகப் போனாள். பிபியானா போனைத் தூக்கிப் பிடித்து தோஹாவுக்குக் காட்டிக்கொண்டே கூடவே நடந்தாள். பாதி நேரம் படத்தில் அவள் கட்டைவிரல்தான் தெரிந்தது என்று மாரிவிக் பின்னால் குறைப்பட்டுக்கொண்டாள். "மூஞ்சி குடுத்து முடிஞ்சு, இப்ப விரலா மாரே?" என்றாளாம். அவள் கேலி பேசினாள் என்பதே பிபியானாவுக்குப் போதுமானதாக இருந்தது.

கென்ரிக் மட்டும் மசியவில்லை. அவனுடைய தீவுதான் இருப்பதிலேயே பெரியது. கடலோரத்தில் ஏழு நிலைக் கலங்கரை விளக்கம் ஒன்று, ஒரு வருஷமாகக் கல் கல்லாகக் கட்டியது. முதலில் ஏமாற்றிய கணக்கு என்பதால் அவனுடையதை மட்டும் வயது குறைக்க முடியாது, மூடிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவன் ரெண்டு நாள் பக்கவாசல் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றான்.

"நான் மூடிர்றேன் நினாங். ஆனா கலங்கரை விளக்கம் உங்க கடன்."

"எங்கிட்ட ஏதுடா கல்லும் சுண்ணாம்பும்?"

"கணக்கு ஆரம்பிங்க. நீங்கதான் நிஜமாவே பெரியவங்க ஆச்சே."

அப்படித்தான் பிபியானா தக்குயான், தன் சொந்த முகத்தோடு, தன் சொந்த வயதில், இஸ்லாவில் ஒரு தீவு வாங்கினாள். முன்பு குடியேறியிருந்த கிழவிகளெல்லாம் காலி செய்துவிட்டுப் போன ஊரில் இவள் ஒருத்திதான் அசல். மதிய நேரம் வியாபாரம் ஓய்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கல் அடுக்குவாள். முதல் முறை மூன்று நிலை எழும்பிக் கடலுக்குள் சாய்ந்தது. ஓபெங் பக்கத்து அடுப்பிலிருந்து மேஸ்திரி வேலை பார்த்தாள். "அடித்தளத்துல அகலம் பத்தாதுடி, உன்னை மாதிரி போடு." ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஏழு நிலையும் எழும்பி, விளக்கும் எரிந்தது.

கென்ரிக்கைக் கூப்பிட்டு, எடுத்துக்கொள்ளடா என்றாள். அவன் புதுக் கணக்கிலிருந்து முயன்று பார்த்தான். கதவு திறக்கவில்லை. சின்னக் கணக்குக்காரனுக்குப் பெரியவர் யாரும் பரிசு கொடுக்கக்கூடாது, தன் தீவுக்கு அழைக்கவும் கூடாது. அம்மா அனுமதித்தால்தான் முடியும், அதற்கு இப்போது அட்டை வேண்டாம், கேமராவில் முகம் போதும். அவன் அம்மா துபாய் ஓட்டலில் ரெண்டு வேளை வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் கேமரா முன்னால் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், விடுமுறை தள்ளிக்கொண்டே போகிறது.

"யாரு கொண்டுவந்த சட்டம் இது?" என்றாள் பிபியானா.

"நீங்கதான் நினாங், போலீஸ் வரைக்கும் போயி."

அவன் திண்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலாட்டினான். பிறகு அம்மா இடத்தில் நினாங் முகம் காட்டினாலும் அந்தக் கதவு திறக்கும் என்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

பிபியானா மூடியைத் திறந்து பிபிங்கா வெந்துவிட்டதா என்று பார்த்தாள். "உங்கம்மாவுக்கு லீவு கிடைக்கட்டும்," என்றாள்.

"வட்டி ஏறும் நினாங்."

"ஏறட்டும். ஒரு நிலை சேர்த்துக் கட்டறேன்."

இப்போது எட்டாவது நிலை நடக்கிறது. கென்ரிக் தினமும் வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஜன்னல் கோணலாக இருக்கிறது என்று குற்றம் சொல்லிவிட்டுப் போகிறான். கடன் இன்னும் தீரவில்லை.